காலண்டர் தாளின் பின்பக்கம்

2008, புரட்டாசி மாதம். ஆடிப்பெருக்கன்று புது ஆல்பத்துக்குப் பூஜை போட்ட சிவகாசிக் காலண்டர் அச்சகங்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த நேரம். மத்தியானம் மூன்று மணிவாக்கில் அச்சக முதலாளி ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கால் வைக்கும் இடத்தில் சிபியுவை நிறுத்தி, துண்டால் கட்டி, என் சர்வீஸ் கடைக்குக் கொண்டுவந்தார். பின்னால் உட்கார்ந்து வந்தவர் அவரிடம் வேலை பார்க்கும் டிடிபி ஆபரேட்டர். அழுது ஓய்ந்திருந்தது அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது.

“தம்பி, ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுக் குடுத்துரு. சாயங்காலத்துக்குள்ள வேணும்.”

“டாட்டா எதுல இருக்கு அண்ணாச்சி?”

அவர் ஆபரேட்டரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்தான் பதில் சொன்னார். “டி-லதான் அண்ணே எல்லாம் இருக்கு. அடுத்த வருஷத் தேதித்தாள் முந்நூத்தி அறுபத்தஞ்சும் அதுலதான்.”

தினசரி காலண்டரின் தேதித்தாள் என்பது கிழித்துப் போடுகிற வரைக்கும் லேசான சமாசாரம். அதைக் கோக்கிறவருக்கு ஒவ்வொரு தாளும் தனி வேலை. தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், விரத நாள், விடுமுறை என்று ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒன்றில் பிழை வந்தால் காலண்டர் வாங்கின கடைக்காரர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். மூன்று தடவை புரூஃப் பார்த்து முடித்த கோப்புகள் அத்தனையும் அந்த எண்பது ஜிபி டிஸ்க்கில் இருந்தன. வேறு பிரதி இல்லை.

நடந்தது இதுதான். சி டிரைவுக்கு இருபது ஜிபி, மிச்சம் டி-க்கு. ஃபோட்டோஷாப் தற்காலிகக் கோப்புகளை சி-யில் கொட்டிக்கொட்டி அது நிரம்பிவிட்டது. டி-யில் இடம் கிடந்தது. யாரோ ஒரு சிடியைக் கொடுத்து, டி-யில் பத்து ஜிபி எடுத்து சி-யில் சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் கவனமாகத்தான் செய்திருக்கிறார். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே அந்த மென்பொருள் வேலையை ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஓடியபின் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்துப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கரண்ட் வந்து சிஸ்டத்தைப் போட்டால் அதே மென்பொருள் முன்னால் வந்து நின்று, பிழை என்று ஒரு வரி காட்டி, மறுபடி ரீஸ்டார்ட் ஆனது. அப்படி எத்தனை தடவை போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். நாலஞ்சு தடவை என்றார். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்தத் தொழிலை நான் கற்றது சென்னை ரிச்சி தெருவில். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால், நரசிங்கபுரம் தெரு மாடிக்கடை ஒன்றில் 2001-ல் எடுபிடியாகச் சேர்ந்தேன். ஆறு மாதம் ஸ்குரூ கழற்றி மாட்டியபின் என் குரு ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, மனப்பாடம் செய்யச் சொன்னார். டிஸ்க்கின் முதல் செக்டரின் படம் அது. மொத்தம் 512 பைட். முதல் 446 பைட் கணினி எழும்போது ஓடுகிற குட்டி நிரல். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நாலே நாலு வரி. கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்ற முத்திரை. 1983-ல் ஐபிஎம் தன் எக்ஸ்டி கணினியில் பத்து எம்பி டிஸ்க் வைத்து விற்ற காலத்தில் போட்ட அமைப்பு. நாங்கள் அதன்மேல் எண்பது ஜிபியை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

“இது பட்டாடா,” என்பார் குரு. “உன் நிலம் எங்க ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம்னு மட்டும்தான் இதுல இருக்கும். பட்டா கிழிஞ்சா நிலம் எங்கயும் போகாது. புதுப் பட்டா எழுதலாம். ஆனா அதுக்குள்ள எவனாவது ஏர் பூட்டிட்டான்னா எழுதி என்ன பண்ண?”

ஏர் பூட்டுவது என்று அவர் சொன்னது எழுதுவதை. டிஸ்க்கில் எதையாவது எழுதுவதை. பார்ட்டிஷன் போய்விட்டது என்று கடைக்கு வந்த டிஸ்க்குகளில், போன சம்பவத்தால் மட்டும் அழிந்தது எனக்கு நினைவு தெரிந்து மிகச் சில. அதற்குப்பின் பதறி அடித்துச் செய்த சிகிச்சையால் அழிந்ததுதான் அதிகம். ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ போட்டுப் பார்த்தேன், ‘செக்டிஸ்க்’ ஓட்டிப் பார்த்தேன், சி-யில் மட்டும் விண்டோஸ் போட்டுப் பார்த்தேன் என்பார்கள். ஒவ்வொன்றும் ஓர் உழவு.

அண்ணாச்சியிடம் ஃபார்மட் அடிக்க மாட்டேன் என்றேன். கோபப்பட்டார். வேலை நின்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு நட்டம் என்று கணக்குச் சொன்னார். கடையிலிருந்த வேறு சிஸ்டம் ஒன்றில் பேஜ்மேக்கர் போட்டுக் கொடுத்து, ஒரு ராத்திரி மட்டும் டைம் கொடுங்கள் என்றேன். அந்தப் பெண் அவரிடம் மெதுவாக, “கோத்தது நான்தான அண்ணாச்சி, திரும்பக் கோக்க ஒரு மாசமாகும்,” என்றார். அதுதான் அவரை ஒப்புக்கொள்ள வைத்தது.

முதல் வேலை, டிஸ்க்கைக் காதருகே வைத்துச் சுற்றவிட்டுக் கேட்டது. டிக் டிக் என்ற சத்தம் இருந்தால் அது வேறு வியாதி. மென்பொருள் வைத்தியம் கூடாது. சத்தம் சுத்தமாக இருந்தது. பிறகு லினக்ஸ் லைவ் சிடியில் கணினியை எழுப்பி, இன்னொரு டிஸ்க்கில் இதன் நகலை அப்படியே எடுத்தேன். பதினைந்து கோடிக்கு மேலான செக்டர்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. அசலைக் கழற்றி, துணியில் சுற்றி, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். இனி என்ன தவறு செய்தாலும் நகலில்தான்.

நகலைத் திறந்தால் டி-யில் ஃபோல்டர் பெயர்கள் அத்தனையும் தெரிந்தன. ஜனவரி, பிப்ரவரி என்று வரிசையாக. சில கோப்புகள் திறந்தன. மற்றவை குப்பை. இழந்த பார்ட்டிஷனைத் தேடுவதற்கு கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரலைத்தான் நான் எப்போதும் நம்புவேன். அதனாலும் இங்கே பயன் இல்லை. அது தொலைந்த பட்டாவைத் தேடிக் கொடுக்கும். இங்கே நிலமே பாதி நகர்ந்திருந்தது.

எப்படி நகர்ந்தது என்று சொல்லவேண்டும். சி ஒரு வயல், அதற்கு வலப்பக்கம் டி இன்னொரு வயல், நடுவில் வரப்பு. சி-யைப் பெரிதாக்க வரப்பை வலப்பக்கம் தள்ளவேண்டும். டி-யின் ஆரம்பத்தில் நிற்கிற பயிர்? அங்கே நிற்பதை மட்டும் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் போதாது. டி-க்குள் ஒவ்வொன்றின் இருப்பிடமும் டி-யின் தலைக்கோட்டிலிருந்து எண்ணித்தான் குறித்திருக்கும். அதனால் வயல் முழுவதையும் அப்படியே பத்து ஜிபி வலப்பக்கம் நகர்த்தவேண்டும். இடப்பக்கத்திலிருந்து நகர்த்த ஆரம்பித்தால் இன்னும் நகர்த்தாத பயிரின்மேல் போய் விழும். ஆகவே மென்பொருள் வலது கோடியிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் வரும். பத்து ஜிபிக்கு ஆசைப்பட்டால் நாற்பத்து நாலு ஜிபி இடம் பெயர்கிறது. நடுவில் கரண்ட் போனால் வலது பாதி புது இடத்தில் இருக்கும், இடது பாதி பழைய இடத்திலேயே நிற்கும்.

ராத்திரி பத்து மணிக்கு, பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. நகர்த்துவது என்கிறோம், உண்மையில் அது நகல் எடுப்பது. பழைய இடத்திலிருப்பதை மென்பொருள் அழிப்பதில்லை. அடுத்து வருவது அதன்மேல் விழும்போதுதான் அழிகிறது. அப்படியானால் வேலை அறுந்த இடத்தில், கடைசியாக நகர்ந்த பத்து ஜிபிக்குப் பழைய பிரதியும் இருக்கும், புதுப் பிரதியும் இருக்கும். டிஸ்க்கில் அந்த ஒரு நீளம் மட்டும் இரண்டு தடவை இருக்கவேண்டும். அதைக் கண்டுபிடித்தால் அறுந்த இடம் கிடைத்துவிடும். அறுந்த இடத்துக்கு முன்னால் இருப்பதைப் பழைய இடத்திலிருந்தும், பின்னால் இருப்பதைப் புது இடத்திலிருந்தும் எடுத்து வேறு டிஸ்க்கில் ஒட்டினால் டி முழுசாகிவிடும்.

ஒரு செக்டரையும் அதிலிருந்து சரியாகப் பத்து ஜிபி தள்ளியிருக்கும் செக்டரையும் ஒப்பிட்டேன். ஐந்து ஜிபிக்கு ஓர் இடமாக டி முழுக்கப் பார்த்தேன். பத்து ஜிபி நீளமுள்ள ஒன்று இந்தச் சல்லடையில் தப்பவே முடியாது. எங்கும் பொருந்தவில்லை. பன்னிரண்டு மணிக்கு என் கணக்கே தப்போ என்று தோன்றிவிட்டது. முகம் கழுவி, அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அட்டவணையில் டி-யின் பழைய நீளம் இருந்தது. டி-யின் முதல் செக்டரில் மென்பொருள் சுருக்கி எழுதிய புது நீளம் இருந்தது. கழித்துப் பார்த்தால் வித்தியாசம் பத்து ஜிபி இல்லை, கொஞ்சம் கூட. அந்தக் காலத்து மென்பொருள்கள் வரப்பை இஷ்டப்பட்ட இடத்தில் போடாது, 16,065 செக்டர்களின் மடங்கில்தான் போடும். 255 தலை, தலைக்கு 63 செக்டர் என்ற பழைய சிலிண்டர் கணக்கு. அந்தப் பெண் கேட்ட பத்து ஜிபிக்கும் அது தள்ளிய நீளத்துக்கும் அதனால்தான் வித்தியாசம். ஒரே ஒரு செக்டர் பிசகினாலும் எதுவும் பொருந்தாது.

சரியான நீளத்தைப் போட்டுத் தேடினேன். ஏழாவது இடத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. பைட்டுக்கு பைட் ஒன்று. வெறும் சுழியாக இருந்து ஏமாற்றுகிறதோ என்று பார்த்தேன், இல்லை, உள்ளே எழுத்துக்கள் இருந்தன. அதன்பிறகு வேலை சுலபம். பொருந்துகிற இடத்துக்கும் பொருந்தாத இடத்துக்கும் நடுவில் பாதி, அதில் பாதி என்று போய்க்கொண்டே இருந்தால் ஐந்து ஜிபி இருபத்து நாலு தடவையில் ஒரு செக்டருக்கு வந்துவிடும். ஒவ்வொரு எண்ணையும் கையால் எழுதினேன். தாள் தேடியபோது கைக்குக் கிடைத்தது சுவரில் தொங்கிய தினசரி காலண்டர்தான். கிழித்து, பின்பக்கத்தில் எழுதினேன்.

விடியற்காலை நாலே முக்காலுக்கு இரண்டு துண்டுகளும் ஒட்டி முடிந்தன. ஜனவரித் தாளைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை, டிசம்பரைத்தான் திறந்தேன். டிசம்பர் 31, விரோதி வருடம், மார்கழி, வியாழக்கிழமை. கோடு பிசகாமல் நின்றது. மற்ற மாதங்களில் அங்கங்கே பத்துப் பதினைந்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன. காலையில் கடை திறக்கும்முன்பே அந்தப் பெண் வந்து நின்றிருந்தார். நான் எதுவும் சொல்லாமல் திரையை அவர் பக்கம் திருப்பினேன். உட்கார்ந்து முந்நூற்று அறுபத்தைந்தையும் ஒன்று விடாமல் திறந்து பார்த்தார். மத்தியானம் ஆயிற்று. நான் தூங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எந்த சிஸ்டத்தை முடித்துக் கொடுத்தாலும், சி எந்த செக்டரில் தொடங்குகிறது, நீளம் எவ்வளவு, டி எங்கே, எது ஆக்டிவ் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கேபினெட் மூடியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டிவிடுவேன். எழுத இரண்டு நிமிடம்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபின் இந்த வேலையின் முகம் மாறியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எழுப்பினால் எது வேண்டும் என்று கேட்கும். பையன்களுக்குப் படம் ஏற்ற இடம் வேண்டும். விண்டோஸுக்குள் டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்தால், எழுத்து ஏதும் இல்லாமல் ஒரு பெரிய துண்டு சும்மா கிடப்பதுபோல் தெரியும். டெலீட். அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் எழுப்பினால் கருப்புத் திரையில் ‘நோ சச் பார்ட்டிஷன்’, அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் அம்மாவோடு வந்தான். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற அம்மா. மடிக்கணினியை மஞ்சள் பையில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். “கவர்மெண்டுல இருந்து வந்து கேட்டா என்ன தம்பி சொல்றது? பிடிச்சுட்டுப் போயிருவாங்களா?” என்று கேட்டார். யாரும் வரமாட்டார்கள், பையன் எதையும் உடைக்கவில்லை என்று முதலில் அதைச் சொல்லவேண்டியிருந்தது.

எது வேண்டும் என்று கேட்கிற கிரப் நிரல் பெரியது. 446 பைட்டுக்குள் அடங்காது. அதன் வாசற்படி மட்டும் முதல் செக்டரில் இருக்கும், கொஞ்சம் அதற்கு அடுத்த காலி இடத்தில் இருக்கும், மிச்ச வீடு லினக்ஸ் பார்ட்டிஷனில். பையன் வீட்டை அழித்துவிட்டான், வாசற்படி நிற்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது. விண்டோஸ் சிடியில் எழுப்பி ‘பூட்ரெக்’ கட்டளையால் வாசற்படியை மாற்றினால் எழும் என்பார்கள். பலருக்கு அப்போதும் எழாது. கிரப் ஆக்டிவ் என்ற அடையாளத்தைக் கண்டுகொள்வதில்லை. விண்டோஸின் வாசற்படி அதைப் பார்த்துத்தான் உள்ளே போகும். நாலு வரியில் விண்டோஸ் பார்ட்டிஷனின் வரியில் முதல் பைட் 80 என்று இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மறுபடி கருப்புத் திரைதான். அந்த ஒரு பைட்டை மாற்றினேன். எழுந்தது. பத்து நிமிட வேலை. அந்த அம்மா நீட்டிய ஐம்பது ரூபாயை வாங்கிக்கொண்டேன்; வாங்காவிட்டால் அவர் மனசு சங்கடப்பட்டிருக்கும். அழித்த லினக்ஸைத் திரும்பப் போட்டு, மெனு தமிழில் வருவதைப் பையனுக்குக் காட்டினேன். அதுவரை அவன் அதைத் திறந்ததே இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது வருகிற கணினிகளில் அட்டவணை வேறு. ஜிபிடி என்பார்கள். நாலு வரிக்குப் பதில் 128 வரி, டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு பிரதி. எழுப்புவதற்கான கோப்புகள் தனியாக ஒரு சின்ன பார்ட்டிஷனில் இருக்கும். நூறு எம்பி, பெயர் இருக்காது. வீண் இடம் என்று அதை அழித்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அதைத் திரும்ப உண்டாக்கி, ‘பிசிடிபூட்’ என்ற ஒரு கட்டளை கொடுத்தால் போதும். இதுபற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

சொல்லவேண்டியது வேறொன்று. 2021-ல் கல்லூரி ஆசிரியை ஒருவர் போன் செய்தார். கிராமம் கிராமமாகப் போய்ப் பதிவு செய்த ஒப்பாரிப் பாடல்கள் மடிக்கணினியில் இருந்தன. பார்ட்டிஷனை மாற்றப்போய் எழாமல் போய்விட்டது. வீட்டில் யாரோ எல்லாவற்றையும் ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுவிட்டார்கள். “கவலைப்படாதீங்கம்மா, ஃபார்மட்னா அட்டவணைதான் போகும், பாட்டு அங்கேயேதான் இருக்கும், கொண்டு வாங்க, எடுத்துரலாம்,” என்று சொன்னேன். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பலித்த வார்த்தை. ஓடுகிறது எந்த டிஸ்க் என்று கேட்காமல் சொல்லிவிட்டேன்.

அது எஸ்எஸ்டி. அதில் பழையதன்மேல் நேரடியாக எழுத முடியாது, முதலில் துடைக்கவேண்டும். அதனால் எந்த இடம் இனி வேண்டாம் என்பதை விண்டோஸ் அதற்கு முன்கூட்டியே சொல்லிவிடும். டிரிம் என்று பெயர். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே உண்டு. ஃபார்மட் அடித்தால் மொத்த இடமும் வேண்டாம் என்று போய்விடும். அவர் கொண்டுவந்த மடிக்கணினியில் புது விண்டோஸ் இருந்த இடத்தைத் தவிர முதல் செக்டர் முதல் கடைசி வரை பார்த்தேன். சுழி. சுழி. சுழி. குரு சொன்ன நிலம் இங்கே இல்லை. இரண்டு நாள் வைத்திருந்தேன், பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும். அவருடைய பழைய போனின் மெமரி கார்டிலிருந்து பதினொரு பாடல்கள் கிடைத்தன. மிச்சத்துக்கு, தேனி பக்கம் மறுபடி போகவேண்டும், பாடியவர்களில் யார் யார் இருக்கிறார்களோ என்றார். என் போன் பேச்சை நம்பி மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவர் அவர். அந்த வார்த்தையை இப்போது நான் யாரிடமும் முதலில் சொல்வதில்லை. என்ன டிஸ்க் என்று கேட்கிறேன். வயரைப் பிடுங்கச் சொல்கிறேன்.

அந்தக் காலண்டர் சிபியு 2016-ல் ஒரு தடவை திரும்ப வந்தது. பழைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் அதில்தான் ஓடும் என்பதால் எக்ஸ்பியை மாற்றாமல் வைத்திருந்தார்கள். விடுமுறைக்கு வந்த பையன் ஒருவன் புது விண்டோஸ் போடுகிறேன் என்று பென்டிரைவைச் செருகி, பட்டியலில் இரண்டு பார்ட்டிஷனையும் டெலீட் செய்திருக்கிறான். மொத்தமும் ‘அன்அலகேட்டட்’ என்று ஆனதும் பயந்து நிறுத்திவிட்டான். கொண்டுவந்தவர் அதே ஆபரேட்டர். இப்போது அந்த அச்சகத்தின் கணக்கு வழக்கும் அவர்தான் பார்க்கிறார்.

“பாத்த உடனே பிளக்கைப் பிடுங்கிட்டேன் அண்ணே. அப்புறம் யாரையும் தொடவிடல.”

மூடியைக் கழற்றினேன். டேப் மஞ்சளாகிப் போயிருந்தது, தாள் இருந்தது. என் கையெழுத்து. சி: தொடக்கம் 63. நீளம். டி: தொடக்கம், நீளம். இரண்டும் என்டிஎஃப்எஸ். சி ஆக்டிவ். முதலில் நகல் எடுத்தேன். பிறகு அவர் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, நான் தட்டினேன். ஓர் எண்ணில் எட்டா மூன்றா என்று சந்தேகம் வந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, எட்டு என்று அவர்தான் உறுதி சொன்னார். எழுதி, ரீஸ்டார்ட் கொடுத்தோம். எக்ஸ்பி வந்தது. டி-யைத் திறந்து, எட்டு வருடத்துத் தேதித்தாள்களும் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்தார்.

தாளை அதே இடத்தில் புது டேப் வைத்து ஒட்டினேன். ஒட்டும்முன் அந்த எட்டின்மேல் பேனாவை ஒரு தடவை அழுத்தி ஓட்டினேன்.